பிளவு கீபோர்டு: ஃபர்ம்வேர் திறந்த மூலமா, கம்பெனி பூட்டியதா? தமிழ்99 அடிப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

இருபாதி எழுதியது:

வணக்கம். பிளவு கீபோர்டு (இடது, வலது என இரண்டு பாதியாகப் பிரிந்தது) ஒன்று வாங்கணும். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

கினசிஸ் அட்வான்டேஜ்360, அதில் வரும் ஸ்மார்ட்செட் ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கம்பெனியுடைய சொந்தம். அதே உருவத்தில் 360 ப்ரோ, இசட்எம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், ப்ளூடூத். மூன்றாவது 42 விசை கார்ன், ஆர்பி2040 சிப், க்யூஎம்கே என்ற இன்னொரு திறந்த மூல ஃபர்ம்வேர்.

என் தேவை: பாதி நேரம் கோடிங், பாதி நேரம் தமிழ்99. நடுவரிசை எழுத்துகளை அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் ஆக வேண்டும், அதாவது ஹோம் ரோ மாட்ஸ். ஆபீஸ் லேப்டாப் விண்டோஸ். அதில் எந்த மென்பொருளும் நிறுவ முடியாது, பென்டிரைவ் போட்டால் தடுத்துவிடும்.

திறந்த மூலம் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜிபிஎல் உரிமம், சுதந்திரம் எல்லாம் புரிகிறது. தினசரி தட்டச்சில் அதனால் என்ன வித்தியாசம் வரும் என்பதுதான் கேள்வி. கூடவே, தமிழ்99க்கு இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

---

மேட்ரிக்ஸ்_வயர் பதில்:

தட்டச்சில் வரும் வித்தியாசம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது: ஒரு விசையைத் தட்டினீர்களா, பிடித்தீர்களா என்று ஃபர்ம்வேர் எப்படி முடிவு செய்கிறது என்பதில். விசையை இடம் மாற்றுவது, மாக்ரோ (ஒரு தட்டலில் பல விசைகளை அனுப்புவது), லேயர் (அதே விசைகளுக்கு இன்னொரு அடுக்கு வேலைகள்) இவையெல்லாம் இன்றைக்கு எல்லா ஃபர்ம்வேரிலும் ஓரளவு கிடைக்கும். ஸ்மார்ட்செட்டிலும் 5 லேயர் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு அது தாராளம்.

ஸ்மார்ட்செட்டில் "டேப் அண்ட் ஹோல்ட்" இருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுக்கக்கூடியது ஒரே ஒரு எண், எத்தனை மில்லிசெகண்ட் என்பது மட்டும். அந்த நேரத்துக்குமேல் பிடித்தால் இரண்டாவது வேலை, அவ்வளவுதான். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கன்ட்ரோல் என்று வைக்க இது நன்றாகவே போதும். எழுத்து விசைகளில் வைத்தால் படுத்திவிடும். எண்ணைக் கூட்டினால் ஷார்ட்கட் மந்தம், குறைத்தால் எழுத்து அடிக்கும்போது கன்ட்ரோல் குறுக்கே விழும். கினசிஸ் கையேடே இந்த வசதி எழுத்து விசைகளுக்கு அவ்வளவு பொருந்தாது என்றுதான் சொல்கிறது.

க்யூஎம்கேயில் அதே முடிவை எடுக்க நாலைந்து விதிகள் உண்டு. டேப்பிங் டெர்ம், அதாவது தட்டலா பிடிப்பா என்று பிரிக்கும் நேரம், இயல்பில் 200 மில்லிசெகண்ட். பெர்மிசிவ் ஹோல்ட்: முதல் விசை அழுந்தியிருக்கும்போதே இரண்டாவது அழுந்தி மேலே வந்துவிட்டால், நேரம் ஆகாவிட்டாலும் பிடித்ததாகவே எடுக்கும். கோர்டல் ஹோல்ட், 2025இல் வந்தது: இரண்டு விசையும் ஒரே கைப்பக்கம் என்றால் தட்டியதாகவே எண்ணும். ஃப்ளோ டேப், அதுவும் 2025: முந்தைய எழுத்துக்கும் இதற்கும் இடைவெளி குறைவென்றால், வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று புரிந்து உடனே எழுத்தைப் போட்டுவிடும். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி நேரமும் கொடுக்கலாம். சுண்டுவிரலுக்குக் கூடுதலாக, ஆள்காட்டி விரலுக்குக் குறைவாக.

இசட்எம்கேயில் இதே விஷயம் வேறு பெயரில் இருக்கிறது. "பேலன்ஸ்டு" என்ற வகையை எடுத்து, டேப்பிங் டெர்ம் 280, குயிக் டேப் (தட்டிய விசையை உடனே மறுபடி அழுத்தினால் எழுத்தாகவே எடுக்கும் நேரம்) 175, முந்தைய விசைக்குப் பிறகான ஓய்வு நேரம் 150 என்று ஆரம்பியுங்கள். எதிர்க்கை விசைகளின் எண்களை மட்டும் ஹோல்டுக்கான பட்டியலில் சேருங்கள். கட்டைவிரல் விசைகள் இரண்டு பக்கமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பலர் கன்ட்ரோல்+என்டர் வேலை செய்யவில்லை என்று கேட்கிறார்கள்.

எனவே ஹோம் ரோ மாட்ஸ் கட்டாயம் என்றால் உங்கள் முதல் தேர்வு அடிபடுகிறது. கட்டைவிரல் விசைகளிலேயே கன்ட்ரோல், ஆல்ட் வைத்துப் பழக முடியும் என்றால் அடிபடாது. அட்வான்டேஜில் கட்டைவிரலுக்குப் பக்கத்துக்கு ஆறு விசை இருப்பதே அதற்குத்தான்.

இன்னொன்று. "திறந்த மூலம்" என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். க்யூஎம்கே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது. அதை மாற்றி விற்பவர் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் வயர்லெஸ் பகுதியை ஒட்டவைத்துவிட்டு நிரலைத் தராத விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், க்யூஎம்கே ஆவணத்தில் உரிமத்தை மீறுபவர்களுக்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். இசட்எம்கே எம்ஐடி உரிமம், அதை மூடி விற்றாலும் சட்டப்படி தவறில்லை. ஆகவே வாங்குமுன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: அந்தக் குறிப்பிட்ட மாடலின் நிரலை எடுத்து, எதையும் மாற்றாமல் நீங்களே பில்டு செய்தால் கீபோர்டில் ஏற்றும் ஃபைல் வருகிறதா? பலகை கைக்கு வராமலேயே இதைச் செய்து பார்க்கலாம். பில்டு ஆகவில்லை என்றால் உங்களைப் பொறுத்தவரை அது மூடிய ஃபர்ம்வேர்தான்.

---

புள்ளிவைத்த_எழுத்து பதில்:

தமிழ்99 பற்றி நான் சொல்கிறேன். மேலே சொன்ன கோர்டல் ஹோல்டும் எதிர்க்கை விதியும் ஆங்கிலத்துக்கு அருமை. தமிழ்99க்கு அவை கைகொடுக்காது.

காரணம் எளிது. தமிழ்99இல் உயிர் எல்லாம் இடது கை, மெய் எல்லாம் வலது கை. சில மெய்கள் வலது ஆள்காட்டி விரலை ஒட்டிக் கீழ்வரிசையில் இடப்பக்கம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான உயிர்மெய்கள் வலது பக்கம் ஒன்று, உடனே இடது பக்கம் ஒன்று. எதிர்க்கை என்றால் ஷார்ட்கட் என்று நினைக்கும் ஃபர்ம்வேருக்கு நீங்கள் அப்படி அடிக்கும் ஒவ்வொரு உயிர்மெய்யும் ஷார்ட்கட் மாதிரியே தெரியும்.

வலது கை நடுவரிசையில் ப, ம, த, ந. அதாவது ஆங்கிலத்தில் ஜே, கே, எல், அரைப்புள்ளி. வழக்கமான வரிசையில் அவற்றில் முறையே ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் இருக்கும். இப்போது "மீண்டும்" அடியுங்கள். ம என்பது கன்ட்ரோல் இருக்கும் கே, ஈ என்பது டபிள்யூ. ம கொஞ்சம் அழுந்தியிருக்கும்போது ஈ தட்டி எடுத்துவிட்டால் கன்ட்ரோல்+டபிள்யூ, பிரவுசரில் டேப் மூடிவிடும். "மா" என்றால் கன்ட்ரோல்+க்யூ, லினக்ஸில் பல நிரல்கள் அப்படியே வெளியேறிவிடும். "மு" புக்மார்க் பெட்டியைத் திறக்கும். "பூ" அடிக்கப் போய் "ஜ" விழும், ஷிஃப்டோடு ஊ தட்டினால் அங்கே ஜ தான் இருக்கிறது.

ஃப்ளோ டேப் உதவும், ஆனால் ஒரு ஓட்டை உண்டு. க்யூஎம்கே இயல்பாகக் கணக்கில் எடுப்பது ஆங்கில எழுத்துகள், ஸ்பேஸ், முற்றுப்புள்ளி, கமா, அரைப்புள்ளி, சாய்கோடு ஆகியவை மட்டும். தமிழ்99இல் ச, ஞ இரண்டும் சதுர அடைப்பு விசைகளில், ய மேற்கோள் விசையில். இவை அந்தப் பட்டியலில் கிடையாது. "சமயம்" அடிக்கும்போது ச-வுக்கு அடுத்த ம, ய-வுக்கு அடுத்த ம இரண்டுக்கும் பாதுகாப்பே இல்லை. எந்த விசை ஃப்ளோ டேப் பட்டியலில் வரும் என்று தீர்மானிக்கும் ஃபங்ஷனை உங்கள் கீமேப்பில் (எந்த விசை என்ன செய்யும் என்ற நிரல் ஃபைல்) எழுதி அந்த மூன்றையும் சேர்க்க வேண்டும். அப்படியும் யோசித்து நிறுத்தி அடிக்கும் சொல்லின் முதல் எழுத்துக்கு இது பொருந்தாது.

நான் சொல்லும் சரியான வழி: தமிழுக்குத் தனி அடிப்படை லேயர். அதில் ஹோம் ரோ மாட்ஸ் அறவே வேண்டாம், எழுத்து எல்லாம் வெறும் எழுத்து, கன்ட்ரோலும் ஷிஃப்டும் கட்டைவிரலில். ஆங்கில லேயரில் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி மாறும்போது லேயரும் மாற ஒரே விசையில் மாக்ரோ வைக்கலாம். ஆனால் விண்டோஸ்+ஸ்பேஸை அதில் போடாதீர்கள். அது இருப்பதை மாற்றிப் போடுவது. இப்போது எந்த மொழி என்று கீபோர்டுக்குத் தெரியாது, ஒரு தடவை மவுஸால் மாற்றினாலே இரண்டும் தடம் புரண்டுவிடும். விண்டோஸில் மொழிக்கான ஹாட்கீ அமைப்பில் ஒவ்வொரு மொழிக்கும் தனி எண் கொடுக்கலாம்: கன்ட்ரோல்+ஷிஃப்ட்+1 என்றால் ஆங்கிலம், 2 என்றால் தமிழ்99. இதற்கு எதையும் நிறுவத் தேவையில்லை. கீபோர்டில் இரண்டு விசை: ஒன்று 1ஐ அனுப்பி ஆங்கில லேயரை வைக்கும், மற்றது 2ஐ அனுப்பித் தமிழ் லேயரை வைக்கும். எத்தனை முறை தட்டினாலும் அதே நிலைதான், குழப்பம் வராது. க்யூஎம்கேயில் இது சிறு சி நிரல், இசட்எம்கேயில் மாக்ரோவுக்குள்ளேயே லேயர் கட்டளையைச் சேர்க்கலாம்.

கார்ன் எடுப்பதாக இருந்தால் இன்னொரு விஷயம். 42 விசையில் சதுர அடைப்புகளுக்கு இடமே இல்லை, அதாவது ச-வும் ஞ-வும் இல்லை. ச இல்லாமல் தமிழ் அடிக்க முடியுமா? தமிழ் லேயரில் வலது மேல்வரிசைக் கடைசி விசையை, வழக்கமாக பேக்ஸ்பேஸ் இருக்கும் இடத்தை, ச-வுக்குக் கொடுத்துவிட்டு பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவாருங்கள். ஞ-வுக்கு காம்போ போதும்: கமாவும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் ஞ. அந்த இரண்டும் தமிழ்99இல் எழுத்து அல்ல, அதனால் மோதாது. காம்போ நேரம் இரண்டு ஃபர்ம்வேரிலும் இயல்பில் 50 மில்லிசெகண்ட், அதை மாற்ற வேண்டியதில்லை. ண, ட மாதிரி எழுத்து விசைகளில் காம்போ வைக்காதீர்கள், வேகத்தில் தானாக விழும்.

---

ஆறுவிரல்_கட்டை பதில்:

ஸ்மார்ட்செட்டை ரொம்பவே தள்ளிவிட்டீங்க. தமிழ் லேயரில் ஹோம் ரோ மாட்ஸ் வேண்டாம்னு ஆகிட்டா, பாதி வேலைக்கு அந்த வாதமே இல்லையே?

அட்வான்டேஜில் சதுர அடைப்பு ரெண்டும் வலது பக்கம் அடிவரிசையில் இருக்கு. ச அடிக்க விரலை மடக்கணும், அது ஒண்ணுதான் தொந்தரவு. அதை வேற இடத்துக்கு மாத்த ஸ்மார்ட்செட்டில் ஒரு வரி போதும். லேஅவுட் எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைல். கீபோர்டுக்குள்ளேயே இருக்கற வி-டிரைவைத் திறந்து நோட்பேடில் எழுதி சேமிக்கறதுதான். பில்டு, டூல்செயின், கிட்ஹப் கணக்கு எதுவும் வேண்டாம். கம்பெனி நாளைக்கே ஆதரவை நிறுத்தினாலும் அந்த டெக்ஸ்ட் ஃபைலும் நோட்பேடும் எங்கேயும் போகாது. வெப்சைட் வழியா மட்டுமே மாத்த முடியற கீபோர்டை விட இது எவ்வளவோ பாதுகாப்பு, அதில் ஓடற ஃபர்ம்வேர் திறந்ததா இருந்தாலும் சரி.

ஆபீஸ் விஷயத்தைப் பத்தி: வி-டிரைவ் யூஎஸ்பி டிரைவா காட்டும். உங்க லேப்டாப்பில் அதைத் திறந்தீங்கன்னா பாதுகாப்பு மென்பொருள் தடுக்கும், புகாரும் போகலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் மாத்திட்டு, டிரைவை முறையா எஜெக்ட் பண்ணி மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. மூடியிருக்கும்போது வெறும் கீபோர்டுதான் தெரியும். இது ஆர்பி2040க்கும் பொருந்தும், பூட்லோடரில் (ஃபர்ம்வேரை ஏத்தற நிலை) போட்டா அதுவும் டிரைவாத்தான் வரும்.

360 ப்ரோ எடுக்கறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ரெண்டு பாதியும் ப்ளூடூத்தில்தான் பேசிக்கும், இடது பக்கம் யூஎஸ்பி போட்டாலும் அப்படித்தான். வயர்லெஸ்ஸே கூடாதுன்னு சொல்ற ஆபீஸா இருந்தா அது நடக்காது. வயர் இருக்கற 360 எடுங்க, இல்லை கார்ன்.

---

இருபாதி எழுதியது:

மிக்க நன்றி. வயர்லெஸ் கூடாது என்ற விதி எங்கள் ஆபீஸில் உண்டு, அதனால் ப்ரோ போய்விட்டது. ஹோம் ரோ மாட்ஸ் கோடிங்கிற்கு வேண்டும். ஆகவே கார்ன் பக்கம் சாய்கிறேன். கார்ன் வாங்கினால் வயல் (விசைகளைத் திரையிலேயே மாற்றும் கருவி) வைத்த ஃபர்ம்வேர் போடலாமா, இல்லை நேரடி க்யூஎம்கேயா? ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது ஃபர்ம்வேரை ஏற்றும்போது, எது எது தப்பாகப் போகும்?

---

மேட்ரிக்ஸ்_வயர் பதில்:

முதல் ஒரு மாதம் வயல். விசையை இழுத்து வைத்தால் உடனே மாறும், எந்த இடம் விரலுக்குச் சரி என்று தெரிந்துகொள்ள அதைவிட வேகமான வழி இல்லை. டேப் டான்ஸ் (எத்தனை முறை தட்டினோம் என்பதைப் பொறுத்து வேறு வேலை), காம்போ, டேப்பிங் டெர்ம் எல்லாம் திரையிலேயே மாற்றலாம். அமைப்பு படிந்ததும் அதைக் கீமேப் ஃபைலாக எழுதி நேரடி க்யூஎம்கேக்கு மாறுங்கள். வயல் தனிக் கிளை, க்யூஎம்கேயில் வரும் புதியவை அங்கே தாமதமாகத்தான் சேரும். ஃப்ளோ டேப் பட்டியலில் ச, ஞ, ய சேர்ப்பது மாதிரி வேலைக்கு எப்படியும் நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். ஆபீஸுக்கும் அதுவே நல்லது. வயாவும் (வயல் போன்ற இன்னொரு கருவி) வயலும் கீபோர்டோடு கூடுதலாக, அமைப்புகளை மாற்றப் பயன்படும் ஒரு ரா எச்ஐடி இணைப்பைக் காட்டும். அதையும் கன்சோலையும் (பிழைதேடும் செய்திகளை அனுப்பும் இணைப்பு) அணைத்து பில்டு செய்தால் கீபோர்டு தவிர வேறு எதுவும் வெளியே தெரியாமல் வைக்கலாம்.

வாங்கும்போது சிப் ஆர்பி2040 தானா என்று பாருங்கள். பழைய கார்ன் கிட்களில் ஏடிமெகா32யூ4 வரும். அதில் பூட்லோடர் போக மிஞ்சுவது 28,672 பைட். வயல், விளக்கு, ஓஎல்ஈடி, காம்போ எல்லாம் சேர்ந்தால் நிரம்பி வழிந்து பில்டு நின்றுவிடும். எல்டிஓவை (பில்டின்போது நிரலைச் சுருக்கும் வசதி) இயக்கி, கன்சோல், கமாண்ட், மேஜிக், ஸ்பேஸ் கேடட், மவுஸ் கீ எல்லாம் அணைத்து இடம் பிடிக்கலாம், ஆனால் புதிதாக வாங்குபவர் அந்தப் பாட்டைப் பட வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 2 எம்பி ஃப்ளாஷ் இருக்கிறது, அதே சிப் இருக்கும் சிறு பலகைகளிலும் இந்தக் கவலை கிடையாது. பூட்லோடர் சிப்பின் ரோமுக்குள் இருப்பதால் எவ்வளவு தப்பான ஃபைலைப் போட்டாலும் பூட் பட்டனை அழுத்திக்கொண்டு கேபிள் செருகினால் திரும்பவும் டிரைவாக எழுந்து வரும்.

தப்பாகப் போவது பெரும்பாலும் இவைதான்.

புதுக் கீமேப் ஃப்ளாஷ் செய்தும் பழையதே வருகிறது: வயா, வயல் இரண்டும் லேஅவுட்டை நிலைநினைவில் (ஈப்ரம்) தனியாக வைக்கும், அது புதியதை மறைத்துவிடும். ஈப்ரமை அழிக்கும் விசையை ஒரு லேயரில் முதலிலேயே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூட்மேஜிக்: இடது மேல் மூலை விசையைப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருக வேண்டும், அதற்கு அந்த வசதி பில்டில் இயக்கியிருக்க வேண்டும். இசட்எம்கேயில் ஸ்டுடியோ (வயல் போன்ற கருவி) பயன்படுத்துபவர்களுக்கும் இதே சிக்கல்தான், அங்கே ரீஸ்டோர் ஸ்டாக் செட்டிங்ஸ் தர வேண்டும்.

இடது வலது மாறி அடிக்கிறது: எந்தப் பாதியில் யூஎஸ்பி செருகுகிறோமோ அதையே இடது என்று இயல்பில் எடுத்துக்கொள்ளும். பக்கத்தை ஈப்ரமிலேயே எழுதும் வழியைத் தேர்ந்து, இடது பாதியை "யூஎஃப்2 ஸ்ப்ளிட் லெஃப்ட்" என்ற இலக்கோடும் வலதை "ரைட்" இலக்கோடும் தலா ஒரு தடவை ஃப்ளாஷ் செய்தால் போதும். பிறகு எந்தப் பக்கம் செருகினாலும் சரியாக வரும். ஈப்ரமை அழித்த பிறகு இடது வலது மாறினால், இந்தப் பக்கத் தகவலை மறுபடி எழுத வேண்டும்.

ஒரு பாதி புதியது, மறுபாதி பழையது: இரண்டையும் ஒரே பில்டிலிருந்து ஃப்ளாஷ் செய்யுங்கள். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் இரு பாதிக்கும் இடையிலான செய்தி வடிவம் பொருந்தாமல் ஒரு பக்கம் செத்த மாதிரி இருக்கும்.

கேபிள் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியது. பாதிகளை இணைப்பது டிஆர்ஆர்எஸ் ஜாக் (ஹெட்போன் பிளக் போன்றது) என்றால், யூஎஸ்பி செருகியிருக்கும்போது அதைக் கழற்றவோ போடவோ கூடவே கூடாது. பிளக் உள்ளே நகரும்போது மின்முனையும் கிரவுண்டும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். சிப்போ அதன் பின்னோ அப்போதே போய்விடலாம். முதலில் யூஎஸ்பியை எடுங்கள், பிறகு ஜாக்.

மாக்ரோவில் பாஸ்வேர்டு வைக்க வேண்டாம். திறந்ததோ மூடியதோ, அது குறியாக்கம் இல்லாமல்தான் உள்ளே இருக்கும், கீபோர்டைக் கையில் எடுத்தவர் எவரும் ஒரு நோட்பேடைத் திறந்து அந்த விசையைத் தட்டினால் போதும்.

---

சால்டர்_முனை பதில்:

இதைப் படிக்கும், ஏற்கெனவே மூடிய ஃபர்ம்வேர் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு: தூக்கிப் போட வேண்டாம், இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, எச்ஐடி ரீமேப்பர். ஆர்பி2040இல் ஓடும் திறந்த மூல ஃபர்ம்வேர். யூஎஸ்பி ஏ வகை ஹோஸ்ட் சாக்கெட் உள்ள அடாஃப்ரூட் ஃபெதர் ஆர்பி2040 பலகை ஒன்று போதும், சால்டரிங் தேவையில்லை. கீபோர்டு அதில், அது கம்ப்யூட்டரில். லேயர், மாக்ரோ, தட்டல், பிடித்தல் எல்லாம் அந்தச் சின்னப் பலகையே செய்யும், கம்ப்யூட்டரில் எதுவும் நிறுவத் தேவையில்லை. அமைப்பது குரோம் வழியாக, அதை வீட்டில் செய்துகொள்ளலாம். ஒரு கட்டுப்பாடு: மூல ஃபர்ம்வேர் வெளியே அனுப்பாத விசையை, உதாரணமாக கம்பெனியின் சொந்த ப்ரோகிராம் விசையை, இதனால் பார்க்க முடியாது.

இரண்டு, பழைய கினசிஸ் அட்வான்டேஜ், அட்வான்டேஜ்2 என்றால் கின்டி என்ற திறந்த வன்பொருள் கன்ட்ரோலர். டீன்சி என்ற சிறு கன்ட்ரோலர் பலகை அதன்மேல் உட்காரும், க்யூஎம்கே ஓடும். உள்ளே இருக்கும் பழைய பலகையை எடுத்துவிட்டு அதே ரிப்பன் கேபிள்களை இதில் செருகுவதுதான் வேலை. ரிப்பனை மேல்நோக்கி நேராக இழுங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் உள்ளே தடம் விரிசல் விட்டு ஒரு வரிசை முழுக்கப் போகும். முடிந்ததும் மூடியை மாட்டாமல், ஒவ்வொரு விசையையும் க்யூஎம்கேயின் கீபோர்டு சோதனைப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். ஒரு நெடுவரிசை முழுக்க வரவில்லை என்றால் ரிப்பன் சரியாக உட்காரவில்லை, ஒரே ஒரு விசை வரவில்லை என்றால் கீமேப்பைப் பாருங்கள். பழைய பலகையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், திருப்பி மாட்டினால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே வேலை செய்யும்.